புகைபோக்கியைத் துடைப்பது யார்?



உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் வீடு மந்திரிக்கச் செல்லும் நாட்களில் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னறையில் செபம் முடிந்ததும் தீர்த்தம் தெளித்தவாறே புறவாசல் வரை நடந்துவிடுவோம். "அங்கே வேண்டாம் சாமி, ஒரே கரி" என்று வீட்டம்மா தடுப்பதும் வழக்கந்தான். முன் அடுக்களையில் எரிவாயு அடுப்பு பளபளக்கிறது. அதற்குப் பின்னால், ஓடு வேய்ந்த சாய்ப்பில், விறகடுப்பு இருக்கிறது. அதன் தலைக்குமேல் ஒரு புகைபோக்கி. அது எப்போது கட்டப்பட்டது என்று கேட்டால் விடை கிடைக்கும். கடைசியாக எப்போது துடைக்கப்பட்டது என்று கேட்டால் கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி மாமியாரைப் பார்ப்பார்.

விறகடுப்பின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் நம் மாவட்டத்தின் புறவாசல்களை அறியாதவர்கள். குளிக்க வெந்நீர், நெல் அவிப்பு, மரச்சீனிக் கிழங்கு, கிறிஸ்துமஸ் வாரத்தில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும், பனையேறும் குடும்பங்களில் அக்கானி காய்ச்சுதல் என்று எத்தனையோ வேலைகளை அவ்வடுப்பே செய்கிறது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டம் நாடெங்கும் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டு சேர்த்தது உண்மையே. ஆயினும் உருளையின் விலையைக் கண்டு, கூடுதல் வேலைகளை விறகுக்கே விட்டுவிட்ட இல்லங்கள் பல. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம்மைத் தாக்கிப் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தபோது, விறகடுப்பு வைத்திருந்த வீட்டார் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார்கள். ஆகவே விறகடுப்பை இடித்துவிடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை.

நாம் சொல்ல வருவது குழாயைப் பற்றி. அடுப்பை நாள்தோறும் மெழுகுகிறோம், பானையைத் தேய்க்கிறோம், சாம்பலை அள்ளித் தென்னைக்கு இடுகிறோம். குழாய் மட்டும் அனாதையாக நிற்கிறது.

இது நம் ஊரின் குறை மட்டுமன்று. புகையில்லா அடுப்பு என்ற எண்ணம் நம் நாட்டில் பழையது. ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர் குழாயுடன் கூடிய மண் அடுப்பொன்றை வகுத்து, கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற அடுக்களை வேண்டும் என்னும் கருத்துடன் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். 1953இல் அதை வெளியிட்டது சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பின்னர் 1983இல் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை நடந்த அத்திட்டத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன. கட்டியவர்கள் கணக்கெழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அடுப்பு வெடித்தால் பூசவும், குழாய் அடைத்தால் துடைக்கவும் பெரும்பாலான ஊர்களில் ஒருவருமில்லை.

இதைவிடத் தெளிவான சான்று ஒடிசாவிலிருந்து வந்தது. அங்கே கிராம் விகாஸ் என்னும் தொண்டு நிறுவனம் சிற்றூர்களில் குழாய் வைத்த மண் அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள் 44 ஊர்களில் ஏறக்குறைய 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். (இவர்களுள் டுஃப்ளோ அம்மையார் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்.) முதல் ஆண்டில் சமைக்கும் பெண்கள் உட்கொண்ட புகை குறைந்திருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நன்மை காணாமற்போயிற்று. இருமலிலும் மூச்சுத் திணறலிலும் மாற்றமில்லை. விறகுச் செலவும் குறையவில்லை. காரணம் என்ன? அடுப்பைச் செப்பனிடவில்லை, குழாயைத் துடைக்கவில்லை, பழுதான அடுப்பைக் கைவிட்டுப் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். 2016இல் அச்சேறிய அந்த ஆய்வைப் படித்தபோது, நாம் பார்த்த புறவாசல்கள் ஒவ்வொன்றாக நம் கண்முன் வந்தன. புகைபோக்கியின் பயன், அதைத் துடைக்கும் கை ஓயும் நாள் வரைதான்.

விறகுப் புகையும் மற்றைய வீட்டுப் புகையும் சேர்ந்து உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் அகால மரணத்துக்குக் காரணமாயின என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல். தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை, அவள் உட்கொள்ளும் காற்றையே உட்கொள்கிறது. நம் பாட்டிமார் புகையில் சமைத்து நூறாண்டு வாழவில்லையா என்று கேட்போர் உண்டு. வாழ்ந்தவர்களை நாம் கண்டோம். வாழாதவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் கண்டோம். புகைக்கும் நன்மை இருந்தது, மறுக்கவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் வைத்த கருப்பட்டி கசியாது. விதை நெல்லில் வண்டு விழாது. கூரை மரத்தைப் பூச்சி அரிக்காது. ஆயின் வண்டைக் கொல்லும் புகை நுரையீரலுக்கு மட்டும் நல்லதாகுமா?

இனிக் காரியத்துக்கு வருவோம். புகை ஏன் மேலே போகிறது? சூடான காற்று இலேசானது. ஆதலால் அது குழாய் வழியே ஏறுகிறது. அது ஏறிய இடத்தை நிரப்ப அடுப்பின் வாய் வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது. குழாய் உயரமாகவும் சூடாகவும் இருந்தால் இழுப்பு நன்றாயிருக்கும். குளிர்ந்து ஈரமேறிய குழாய் இழுக்காது. எனவே நெடுநாள் கழித்து அடுப்பு மூட்டும்போது, முதலில் ஒரு சிறு ஓலைச் சூட்டைக் கொளுத்திக் குழாயின் அடிவாயில் பிடித்துச் சூடேற்றுங்கள். சுவாலை குழாய்ப்பக்கம் சாய்ந்தால் வழி திறந்திருக்கிறது. உங்கள் முகத்துப் பக்கம் சாய்ந்தால் உள்ளே அடைப்பு உண்டு, மூட்டாதீர்கள். மாதக்கணக்கில் பயன்படாத குழாயில் மைனா கூடு கட்டியிருக்கும், அணில் தேங்காய்ச் சகிரியைக் கொண்டு அடைத்திருக்கும், குளவியும் குடியேறியிருக்கும். இரண்டு பானை வைக்கும் அடுப்பானால், ஒரு பானையே வைக்கும் நாளில் மற்றக் கண்ணை மூடிவைக்க வேண்டும். திறந்துவிட்டால் குளிர்காற்று அதன் வழியே புகுந்து இழுப்பைக் கெடுக்கும்.

குழாயின் நுனி, கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால், காற்று முகட்டைத் தாண்டி இறங்கும்போது புகையையும் குழாய்க்குள் தள்ளிவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பாயும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று நம் குழாய்க்குள் இறங்கினால் கஞ்சிப்பானையருகில் யாரும் நிற்க முடியாது. அதற்கு மருந்து, நாற்புறமும் திறந்த தகரத் தொப்பி ஒன்றைக் குழாயின் தலையில் பொருத்துவதுதான். மழையையும் அது தடுக்கும். தொப்பியின் உட்புறத்தில் முதலில் கரி சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

கரி எங்கிருந்து வருகிறது? சரியாக எரியாத புகை, குளிர்ந்த குழாய்ச் சுவரில் பட்டதும் தாராகவும் தூளாகவும் ஒட்டிக்கொள்கிறது. பச்சை விறகை எரித்தால் அது பன்மடங்காகிறது. அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு படி தண்ணீரைக் கொதிக்கவைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் வேண்டும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க. பச்சை விறகு எரிக்கிறவள் சோறு சமைப்பதற்குமுன் விறகின் தண்ணீரைச் சமைக்கிறாள். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வெட்டிய வாரமே அடுப்பில் திணிப்பதைப் பார்க்கிறோம். அதைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்று புகவிட்டுச் சில மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நமக்கோ ஆண்டுக்கு இரண்டு மழை. தவக்காலத்து வெயிலே விறகு காய நமக்குக் கிடைக்கும் நல்ல வெயில். அதை வீணாக்க வேண்டாம். காய்ந்த விறகு இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். மழையில் நனைந்த கதம்பையும் மட்டையும் புகைவதற்கே பிறந்தவை.

எரிக்கக் கூடாதவையும் உண்டு. தீ விரைவில் பற்ற வேண்டுமென்று சைக்கிள் டயர்த் துண்டு போடுவது, பாலிதீன் பையைச் சுருட்டி வைப்பது, சாயம் பூசிய பழைய கதவை உடைத்துப் போடுவது ஆகியவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தப் புகை நஞ்சு. அரளிக் கம்பின் புகையும் அப்படியே. அண்டித்தோடு நன்றாக எரிகிறது என்று தொழிற்சாலையிலிருந்து மூட்டையாக வாங்கி வருவோர் உண்டு. அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்; குழாயிலும் தாராகப் படியும். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டும் பழக்கத்தைப் பற்றி நாம் எழுதுவதைவிட, தீக்காயப் பிரிவில் பணிபுரியும் அருட்சகோதரிகளைக் கேட்டுப்பாருங்கள்.

குழாயைத் துடைக்கும் முறை இது. நாள்தோறும் எரியும் அடுப்பின் மூன்று, நான்கு அங்குலக் குழாயை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளே கரி ஒரு நெல்மணிக் கனத்துக்குப் படிந்திருந்தால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. எப்போதாவது எரியும் அடுப்பானால், மூட்டுவதற்கு முந்திய நாள் பார்த்தால் போதும். அடுப்பு முந்திய நாளே அணைந்து ஆறியிருக்க வேண்டும். அடிவாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். ஒரு நீண்ட கயிற்றின் நடுவே தென்னை ஈர்க்குக் கட்டு ஒன்றைக் குழாயின் அகலத்தைவிடச் சற்றுப் பருமனாகக் கட்டி, கயிற்றின் ஒரு நுனியில் சிறு கல்லைக் கட்டி மேலிருந்து இறக்குங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், மாறி மாறி இழுத்தால் கரி கொட்டும்.

குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால், பழைய வீடுகளில் பெரும்பாலும் அதுதான், ஈர்க்கால் உரசாதீர்கள். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். உட்புறத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணிப் பொதியால் மெல்லத் துடையுங்கள். வெடித்த குழாயை வெட்டியோ உடைத்தோ வைத்துக்கொள்ள வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கரியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். இலண்டன் மாநகரில் ஒரு காலத்தில் ஏழைச் சிறுவர்களைப் புகைக்கூண்டுக்குள் ஏறவிட்டுக் கரி சுரண்டச் செய்தார்கள். வளர்ந்தபின் அவர்களுக்கு உடலின் மறைவிடத்தில் புற்றுநோய் கண்டது. 1775இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர், கரியே அதற்குக் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகம் முதன்முதலில் அறிந்தது அப்போதுதான். அப்படியிருந்தும் சிறுவர்களை ஏற்றுவதைச் சட்டம் உறுதியாக நிறுத்த 1875 வரை, சரியாக நூறாண்டு, பிடித்தது. ஆகவே மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், சிறுவரை ஏவாதீர்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளியுங்கள், உடுத்த துணியைத் தனியே துவையுங்கள். சாம்பல் தென்னைக்கு ஆகும். கரியை நனைத்துக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

ஏறும்போது கவனம் தேவை. பாசி பிடித்த ஓட்டின்மேலும், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின்மேலும் கால் வைக்காதீர்கள். தகடு ஆளின் பாரத்தைத் தாங்காது. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மின்கம்பி எங்கே போகிறதென்று முதலில் பாருங்கள். புதிதாக வீடு கட்டுவோர், குழாயின் அடியில் கரி எடுக்க ஒரு சிறு கதவு வைக்கும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டால், கீழே நின்றே நீண்ட கழியால் துடைத்துவிடலாம்; கூரையேறும் தொல்லையே இல்லை. இந்தச் சிறு கதவுக்கு ஆகும் செலவு, மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

குழாய் கூரையைத் துளைத்துச் செல்லும் இடத்தையும் பாருங்கள். கைமரமோ ரீப்பர் சட்டமோ குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது வீட்டுக்கு வைத்த கொள்ளி. ஆண்டுக்கணக்கில் சூடு பட்டுக் கரியாகிவிட்ட மரம் புதிய மரத்தைவிட எளிதில் பற்றும். வெறும் தகரக் குழாயானால் மரத்துக்கும் அதற்கும் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். பரணில் உலர்ந்த ஓலை, கொதும்பு, சாக்கு ஆகியவற்றை அடுக்காதீர்கள். மற்றொன்று: குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையை அடுப்படிச் சுவரில் செருகிவைப்பவர்கள் உண்டு. அதை முன்னறைப் படத்தருகில் வையுங்கள், காய்ந்ததை விபூதிப் புதனுக்கு முன் கோயிலில் ஒப்படையுங்கள், சாம்பலுக்கு உதவும்.

புகையில்லாத கனலுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளின் அறையில் கனல்சட்டி வைத்துச் சன்னலை மூடிவிடுவது நம் பக்கத்து வழக்கம். கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று ஒட்டுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், பிறகு உறக்கம், பிறகு விழிப்பில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியவர்கள் மறுநாள் எழாத செய்திகளை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். சாம்பிராணி போட வேண்டுமானால் சன்னலைத் திறந்து போடுங்கள். முடிந்ததும் சட்டியை வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் குழாய்க்குள் கரி தீப்பற்றினால், இரைச்சலோடு எரியும். வெப்பம் ஆயிரம் பாகையை எட்டலாம். பதற வேண்டாம். அனைவரையும் வெளியேற்றுங்கள். அணுக முடிந்தால் அடுப்பின் தீயைச் சாம்பலும் மணலும் கொட்டி அணைத்து, காற்றுப் புகாதபடி வாயைத் தகரத்தால் மூடுங்கள். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும். 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழையுங்கள். தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை அதன்மேல் ஓடவிடுங்கள். பற்பசை, மாவு, மை எதுவும் தடவாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தலைப்பில் கேட்ட கேள்வி எஞ்சியிருக்கிறது. அடுப்பில் நிற்பவள் மனைவி, ஆகவே அடுப்பைச் சேர்ந்த குழாயும் அவள் பொறுப்பு என்பது பல ஆண்களின் நியாயம். புகையை அவள் உட்கொள்கிறாள்; சோற்றை எல்லாரும் உண்கிறோம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. தென்னை ஏறவும், மீன்பிடி வள்ளத்தில் ஏறவும், திருவிழாக் கொடிமரத்தில் தோரணம் கட்ட ஏறவும் தெரிந்த ஆண்மக்களுக்கு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாய்ப்புக்கு ஓர் ஏணி போடுவது கடினமன்று.

நம் பங்கில் அசனம் சமைக்கும் புரையின் குழாயை இளைஞர்கள் சென்ற மாதம் துடைத்தார்கள். இரண்டு சட்டி நிறையக் கரி வந்தது. அவர்கள் செய்த கயிறும் ஈர்க்குக் கட்டும் துணிப்பொதியும் பங்கு இல்லத்துத் திண்ணையில் தொங்குகின்றன. அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். திருப்பித் தருகையில் கரியைத் தட்டிவிட்டுத் தாருங்கள்.